தரை என்னும் நான்காவது கம்பி

கம்பரசம்பேட்டையில் காவிரிப் படுகையிலிருந்து திருச்சிக்குக் குடிநீர் இறைக்கும் பம்புகள், திருவெறும்பூர் பெல் ஆலையின் இயந்திரங்கள், பொன்மலை ரயில்வே பணிமனையின் கிரேன்கள், ஸ்ரீரங்கத்து வயல்வெளி மோட்டார்கள் எல்லாம் மூன்று கம்பிகளில் வரும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. மூன்றிலும் மின்னழுத்தம் ஒரே அளவு. விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் வேகமும் ஒன்றே. ஒன்று உச்சிக்கு வந்து ஏறத்தாழ 6.7 மில்லி விநாடி கழித்து அடுத்தது வரும், அதற்கும் அதே அளவு பின்னால் மூன்றாவது வரும். இந்த ஒழுங்கினால் எந்தக் கணத்திலும் மூன்று மின்னோட்டங்களையும் கூட்டினால் விடை சுழிதான். போன மின்னோட்டம் திரும்பி வரத் தனியாக ஒரு கம்பி தேவையில்லை. வயல்களின் ஊடே போகும் 11 கிலோவோல்ட் லைனில் மூன்றே கம்பிகள் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் நான்காவது கம்பி ஒன்று அங்கே எப்போதும் உண்டு. கம்பங்களின் காலடியில் கிடக்கும் தரைதான் அது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை அதற்கு வேலையில்லை. ஒழுங்கு குலைந்த நொடியில் அது விழித்துக்கொள்கிறது. சமனற்ற மின்பழுதைக் கணக்கிடுவது பெருமளவு தரையைக் கணக்கிடுவதுதான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். தரையின் குணம் எங்கே முக்கியம், எங்கே முக்கியமில்லை என்பதில் நம் பொதுப்புத்தி சொல்வது பெரும்பாலும் தலைகீழானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில், பழுது ஏன் சமனற்றதாகவே வருகிறது? மூன்று கம்பிகளும் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று மோதுவதுதான் கணக்குப் போட எளிய பழுது; மாணவர்களுக்கு முதலில் கற்றுத்தருவதும் அதைத்தான். நடைமுறையில் அது அரிது. மேல்நிலை லைன்களில் நேரும் பழுதுகளில் 70 முதல் 80 விழுக்காடு வரை ஒரு கம்பி மட்டும் தரையோடு தொடர்பு கொள்வதால் வருபவை என்று பாடநூல்கள் கணக்குத் தருகின்றன. மூன்றும் சேர்ந்த பழுது 5 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். யோசித்தால் இதில் வியப்பில்லை. தென்னை மட்டை ஒரு கம்பியில்தான் விழுகிறது. அணில் ஒரு இன்சுலேட்டரில்தான் ஏறுகிறது. வெடித்த பீங்கான், உரசும் கிளை, அறுந்த கம்பி எதுவும் மூன்றாகப் பார்த்து நடப்பதில்லை. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் மேட்டூர் அணை நிரம்பிக் கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டபோது ஆற்றுக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரம் அடிமண் அரிக்கப்பட்டுச் சாய்ந்தது. அவ்வளவு பெரிய கோபுரம் சரியும்போதுகூட மூன்று கம்பிகளும் ஒரே கணத்தில் தண்ணீரைத் தொடுவதில்லை. ஒரு பக்கம்தான் முதலில் இறங்கும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தார்கள். ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையில் மனிதர்கள் அகப்பட்டுக்கொண்ட பழுது அது.

ஒரு கம்பி மட்டும் பாதிக்கப்பட்டதும் கணக்கு முரண்டு பிடிக்கிறது. சமநிலையில் மூன்றில் ஒன்றைக் கணக்கிட்டால் போதும், மற்ற இரண்டும் அதன் நகல்கள். சமன் கெட்டபின் மூன்றும் மூன்று விதம். ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றில் மின்னழுத்தத்தைத் தூண்ட, எல்லாம் பின்னிக்கொள்ளும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் சார்லஸ் லெகேட் ஃபோர்டெஸ்கியூ. கனடாவில், ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள ஒரு மென்மயிர்த் தோல் வணிகக் குடியிருப்பில் 1876இல் பிறந்து, வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பொறியாளர் ஆனவர். சமனற்ற மின்சாரத்தில் ஓடும் தூண்டல் மோட்டார்களை 1913 வாக்கில் ஆராயத் தொடங்கியவர், 1918 ஜூன் 28 அன்று அட்லாண்டிக் சிட்டியில் கூடிய அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் தம் கட்டுரையைப் படித்தார். அவர் நிறுவியது இது: எவ்வளவு கோணலான மூன்று அலைகளையும், ஒழுங்கான மூன்று தொகுதிகளின் கூட்டலாகப் பிரித்துவிடலாம். ஒரு கோணலைப் புரிந்துகொள்ள மூன்று நேர்த்திகளைக் கூட்டிப் பார்ப்பது.

ஸ்ரீரங்கம் கோயில் பிரகாரத்தில் சம இடைவெளி விட்டு வலம் வரும் மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அது நேர்வரிசை, மின்நிலையத்தின் ஜெனரேட்டர் உண்டாக்குவது இதை மட்டுமே. அதே பிரகாரத்தில், அதே வேகத்தில், எதிர்த்திசையில் சுற்றும் மூவர் எதிர்வரிசை. மூன்றாவது தொகுதியில் மூவரும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்று, ஒன்றாக எழுந்து ஒன்றாக உட்காருகிறார்கள், சுற்றே இல்லை. அது சுழிவரிசை. ஒழுங்கான காலத்தில் பின்னிரண்டும் இல்லை. பழுது வந்தால் மூன்றும் எழலாம், பழுதின் வகைக்கேற்ப அளவு மாறும். இரண்டு கம்பிகள் தமக்குள் உரசிக்கொண்டால் நேர்வரிசையும் எதிர்வரிசையும் மட்டும் எழும். தரை இடையில் வந்தால்தான் சுழிவரிசை பிறக்கும்.

இதெல்லாம் வெறும் காகிதக் கணக்கு, கம்பியில் ஓடுவது ஒரே மின்னோட்டம்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஒரு மோட்டாரைக் கேட்டால் பதில் கிடைக்கும். எதிர்வரிசை மின்னோட்டம் மோட்டாருக்குள் எதிர்த்திசையில் சுழலும் காந்தப்புலத்தை உண்மையாகவே உண்டாக்குகிறது. முன்னோக்கி ஓடும் ரோட்டர், தன்னை எதிர்த்து வரும் அந்தப் புலத்தை ஏறத்தாழ இருமடங்கு அதிர்வெண்ணில் சந்திக்கிறது. அந்த 100 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ரோட்டரின் மேற்பரப்பில் ஒதுங்கி ஓடிச் சூடேற்றுகிறது. அந்தத் திசையில் மோட்டார் காட்டும் எதிர்ப்பு மிகக் குறைவு என்பதால், மின்னழுத்தத்தில் 1 விழுக்காடு சமனின்மை இருந்தாலே மின்னோட்டத்தில் 6 முதல் 10 விழுக்காடு சமனின்மை தலைகாட்டும். சமனின்மை 5 விழுக்காட்டைத் தொட்டால் மோட்டாரை அதன் திறனில் முக்கால்வாசிக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது பொறியாளர்களின் விதி. மூன்று கம்பிகளில் ஒன்று, அதாவது ஒரு பேஸ், போனபின்னும் ஓடிக்கொண்டிருந்த பம்ப்செட்டின் காயில் கருகிப்போவதும், அதைத் தடுக்க ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 'சிங்கிள் பேசிங் பிரிவென்டர்' வைப்பதும் ஃபோர்டெஸ்கியூவின் இரண்டாவது வரிசையைத் தினமும் சந்திப்பவர்களின் அனுபவம். ரீவைண்டிங் கடைக்காரருக்கு அந்தப் பெயர் தெரியாவிட்டால் என்ன? கருகிய காயிலைப் பார்த்தே பேஸ் போன கதையைச் சொல்லிவிடுவார்.

இனி தரைக்கு வருவோம். ஒரு கம்பி தரையைத் தொட்டால் எவ்வளவு மின்னோட்டம் பாயும்? கணக்கு சுருக்கமானது. ஒரு பேஸின் மின்னழுத்தத்தை மூன்றால் பெருக்கி, மூன்று வரிசைகளுக்கும் லைன் காட்டும் மின்மறிப்புகளோடு தொடும் இடத்தின் தடையை மும்மடங்காக்கிக் கூட்டி, அந்தத் தொகையால் வகுக்க வேண்டும். அந்த 'மும்மடங்கு' சும்மா வந்ததல்ல. சுழிவரிசையில் மூன்று பேஸ்களின் மின்னோட்டமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தரைவழியே திரும்புவதால், தரையின் ஒவ்வொரு ஓமும் மூன்று ஓமாகக் கனக்கிறது. ஆகவே தரை நல்லதா கெட்டதா என்பதே பழுதின் அளவைத் தீர்மானிக்கும் என்று தோன்றும். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் வண்டல் தீவு. திருவானைக்காவில் ஜம்புகேஸ்வரர் கருவறையிலேயே ஊற்று சுரக்கும் அளவுக்கு நிலத்தடி நீர் மேலே இருக்கிறது. ஆற்றைக் கடந்து தெற்கே வந்தால் 83 மீட்டர் உயர மலைக்கோட்டைப் பாறை. ஈர வண்டலின் மின்தடைத்திறனைப் பத்து ஓம்-மீட்டர் என்று கொண்டால், பாறைக்கு ஆயிரத்துக்குக் குறையாது. நூறு மடங்கு வேறுபாடு! தீவில் நேரும் தரைப்பழுதும் மலைக்கோட்டை அடிவாரத்தில் நேரும் தரைப்பழுதும் முற்றிலும் வேறாகத்தானே இருக்க வேண்டும்?

இல்லை. பொதுப்புத்தி முதலில் சறுக்கும் இடம் இதுதான். 1926இல் ஜான் கார்சன் என்ற அமெரிக்கர், மேல்நிலைக் கம்பியின் மின்னோட்டம் தரைவழியே எப்படித் திரும்புகிறது என்று கணக்கிட்டார். தரை மோசமான கடத்தியாக இருந்தால் மின்னோட்டம் அதற்கேற்ப அகலமாகவும் ஆழமாகவும் பரவிக்கொள்கிறது. ஒவ்வொரு கனமீட்டர் மண்ணும் அதிகம் தடுக்கிறது. ஆனால் பாதையின் பரப்பும் அதே அளவு விரிந்துவிடுகிறது. நிகர விளைவு வியப்பானது: முதல்நிலைக் கணக்கில், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தரை சேர்க்கும் மின்தடை மண்ணின் தன்மையைச் சார்ந்ததே அல்ல, அதிர்வெண்ணை மட்டும் சார்ந்தது. 50 ஹெர்ட்ஸில் அது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.05 ஓம், வண்டலானாலும் பாறையானாலும். மாறுவது திரும்பும் மின்னோட்டத்தின் சராசரி ஆழம். தரைக்குப் பதிலாக ஒரு கற்பனைக் கம்பியைப் புதைத்து வைத்தால், பத்து ஓம்-மீட்டர் வண்டலில் அதன் ஆழம் சுமார் 300 மீட்டர்; ஆயிரம் ஓம்-மீட்டர் பாறையில் சுமார் 2.9 கிலோமீட்டர். மலைக்கோட்டையின் உயரத்தைப்போல முப்பத்தைந்து மடங்கு. அந்த ஆழம் சுழிவரிசைக் கணக்கில் மடக்கையின் வழியாகவே நுழைவதால், மண் நூறு மடங்கு மாறினாலும் லைனின் சுழிவரிசை மின்மறிப்பு மூன்றில் ஒரு பங்குதான் கூடும். தீவின் வண்டலுக்கு அடியிலும் பழம்பாறைதான் கிடக்கிறது என்பதால் நிஜத்தில் இந்த வேறுபாடும் இன்னும் சுருங்கிவிடும்.

ஆழத்தில் தரை இப்படித் தாராளமாக இருக்கிறது. தோலில்தான் அதன் கருமித்தனம். கம்பி தரையைத் தொடும் அந்த ஒரு சாண் இடத்தில் மின்னோட்டத்துக்குப் பரவ வழியில்லை. அங்கே இருக்கும் மண்ணோடுதான் பேரம் பேச வேண்டும். துணை மின்நிலைய யார்டில் இந்த இரு முகமும் ஒரே இடத்தில் தெரியும். அடியில் எர்த் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் கொட்டி, கோடையில் தண்ணீர் ஊற்றித் தடையைக் குறைக்கிறார்கள்; மேலே ஜல்லி பரப்பி அதே தரையின் தடையைக் கூட்டுகிறார்கள், நடப்பவர் காலுக்கு மின்சாரம் ஏறாமல் இருக்க. இரண்டும் சரிதான். வெளியே லைன் அறுந்து விழும் இடத்தில் கரியும் இல்லை, உப்பும் இல்லை. 12.5 கிலோவோல்ட் லைன்களை வைத்து அமெரிக்காவில் செய்த சோதனைகளிலிருந்து பொறியாளர்கள் வழக்கமாக எடுத்தாளும் ஒரு பட்டியல் உண்டு. அறுந்த கம்பி ஈரப்புல்லில் விழுந்தால் 50 ஆம்பியர், காய்ந்த புல்லில் 25, ஈர மணலில் 15, காய்ந்த மணலில் சுழி. 10 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் வைத்த துணை மின்நிலையத்தின் வாசலிலேயே நேரடிப் பழுது வந்தால் ஐந்தாயிரம் ஆம்பியர் ஓடும்; அதே கம்பி காய்ந்த ஆற்றுமணலில் கிடந்தால் ஒன்றுமே ஓடாது. முழு மின்னழுத்தத்தோடு, பழுதைக் கண்டு லைனைத் துண்டிக்க வேண்டிய ரிலேயின் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் திறக்கும்வரை காவிரியில் மணல்தான்; திறந்தபின் தண்ணீர். ஒரே கம்பம், ஒரே கம்பி, மாதத்துக்கு ஒரு பழுதுக்கணக்கு.

அமெரிக்க எண்களை இங்கே கொண்டுவரலாமா என்ற எதிர்ப்பு வரும், வர வேண்டியதும்தான். அங்கே பகிர்மான லைனில் நான்காவதாக நியூட்ரல் கம்பியும் ஓடுகிறது; வீட்டுச்சுமைகளின் சமனின்மை அதன்வழி திரும்புவதால் ஒழுங்கான நாளிலும் அங்கே தரைவழி மின்னோட்டம் இருக்கும். சில பத்து ஆம்பியருக்குக் கீழே ரிலேயை வைத்தால் அது காரணமில்லாமல் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். நம் 11 கிலோவோல்ட் லைன் மூன்று கம்பி. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் உயர் அழுத்தப் பக்கச் சுற்று டெல்டா, அதாவது முக்கோணமாகக் கோத்த மூன்று சுற்றுகள். டெல்டாவுக்குச் சுழிவரிசை நுழையத் தரையோடு இணைப்பு கிடையாது. எனவே ஒரு தெருவில் ஏசி எல்லாம் ஒரே பேஸில் இருந்தாலும், அந்தக் கோணல் 11 கிலோவோல்ட் லைனில் எதிர்வரிசையாக எட்டிப்பார்க்குமே தவிர சுழிவரிசையாக வராது. இங்கே சுழிவரிசை தென்பட்டால் கம்பி தரையைத் தொட்டிருக்கிறது என்றே ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். ஆகவே நம்மால் தரைப்பழுது ரிலேயை அமெரிக்கர்களைவிட நுண்மையாக வைக்க முடியும், ஈர மணலின் 15 ஆம்பியரையும் பிடிக்க முடியும். இந்த அனுகூலத்தை நாம் போதுமான அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். ஆனால் காய்ந்த மணலின் சுழி ஆம்பியரை எந்த நுண்மையும் பிடிக்காது. இல்லாததை அளக்க முடியாது.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு. மூன்று பேஸ்களையும் பிரிக்காமல் அப்படியே தீர்க்கும் கணினிகள் மேசைமேல் இருக்கும்போது, 1918இன் தந்திரம் எதற்கு? விடையை மட்டும் வேண்டுபவருக்குத் தேவையில்லைதான். கணினி எவ்வளவு ஆம்பியர் என்று சொல்லும். என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டிய ரிலேக்கு அது போதாது. மூன்று எண்களை வைத்துக்கொண்டு, சுமை கூடியதா, கம்பி உரசியதா, கம்பி அறுந்ததா என்று பிரித்தறிய வரிசைகள்தான் வழி. இன்றைய நுண்செயலி ரிலேக்கள் கணத்துக்குக் கணம் இந்த மூன்றையும் கணக்கிட்டபடியே இருக்கின்றன.

அதன் பலன் மிகத் தெளிவாகத் தெரிவது தரை வாய்மூடிவிட்ட அந்தக் காய்ந்த மணலில்தான். கம்பி அறுந்து, தரைவழி எதுவும் ஓடவில்லை. சுழிவரிசை சுழி. ஆனால் அறுந்த பேஸில் மின்னோட்டம் நின்றுவிட்டதே. மிச்சமுள்ள இரண்டு கம்பிகளில் ஒன்றில் போவது மற்றொன்றில் திரும்ப வேண்டும். அந்த நிலையை வரிசைகளாகப் பிரித்தால் எதிர்வரிசை நேர்வரிசைக்குச் சமமாக வந்து நிற்கும். அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள சுமைக்கு இரண்டின் விகிதம் ஒன்று. ஒழுங்கான லைனில் அது சில விழுக்காடுதான். இந்த விகிதத்தைக் கவனித்து அறுந்த கம்பியைக் கண்டுபிடிக்கும் வசதி பல ரிலேக்களில் உண்டு. ஃபோர்டெஸ்கியூ பிரித்துக் கொடுத்த மூன்றில் ஒன்று ஊமையானாலும் இன்னொன்று பேசுகிறது. முழு அலையை மட்டும் பார்ப்பவருக்கு அது சற்றே சுமை குறைந்த ஒரு சாதாரண மாலைப்பொழுது.

இதற்கும் எல்லை உண்டு. லைனின் நடுவில் அறுந்தால் சுமையில் பாதி கோணலாகும், ரிலே கவனிக்கும். கடைக்கோடியில், ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் அறுந்தால், தொடக்கத்தில் நிற்கும் ரிலேக்கு அது வழக்கமான சமனின்மையோடு கலந்துவிடும். அங்கே அறிகுறி தெரிவது துணை மின்நிலையத்தில் அல்ல, வீடுகளில். டெல்டா டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் மூன்று உயர் அழுத்தக் கம்பிகளில் ஒன்று போனால், அதன் மூன்று சுற்றுகளில் ஒன்றுக்கு மட்டும் முழு மின்னழுத்தம்; மற்ற இரண்டும் வரிசையில் கோத்துக்கொண்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளும். தெருவில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். மற்ற இரண்டு பங்கு வீடுகளில் ஏறத்தாழ 115. டியூப்லைட் முனைகளில் மட்டும் சிவந்து பிடிக்காமல் துடிக்கும். ஃபேன் இறக்கைகளை எண்ணிவிடலாம். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் முனகி நிற்கும். தெருப்பெட்டியில் தாழ்வழுத்த ஃபியூஸ் போயிருந்தால் இப்படி வராது: ஒரு பங்கு வீடுகள் முழு இருட்டு, மற்றவை முழு வெளிச்சம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வாசலில் நின்றே தெரியும். பெரும்பாலான நாட்களில் அந்த அரை வெளிச்சத்துக்குக் காரணம் டிரான்ஸ்ஃபார்மர் மேலிருக்கும் உயர் அழுத்த எச்.ஜி. ஃபியூஸ் போனதுதான். அடுத்தடுத்த டிரான்ஸ்ஃபார்மர்களின் தெருக்களிலும் ஒரே நேரத்தில் அதே கதை என்றால் லைன் எங்கோ அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அறுந்த கம்பியின் எந்த முனை பாதுகாப்பானது என்று கேட்பவர்களுக்கும் சமனற்ற பழுதுக் கணக்கு பதில் வைத்திருக்கிறது. துணை மின்நிலையப் பக்க முனை தரையில் கிடந்தால் அதில் 6,350 வோல்ட். அந்த முனை கம்பத்திலேயே தொங்கி, டிரான்ஸ்ஃபார்மர் பக்க முனை மட்டும் கீழே விழுந்திருந்தால் அது செத்த கம்பி என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் மிச்சமுள்ள இரண்டு பேஸ்களும் டெல்டாச் சுற்றின் வழியாக அந்த முனைக்குப் பின்வாசலில் மின்னழுத்தம் ஊட்டுகின்றன. இரண்டுக்கும் நடுப்புள்ளியில் அது நிற்பதால், பேஸ் மின்னழுத்தத்தில் பாதி, அதாவது 3,000 வோல்ட்டுக்கு மேல் அதில் இருக்கும். அதில் ஓடும் மின்னோட்டம் சொற்பம் என்பதால் எந்த ரிலேயும் அதைக் கண்டுகொள்ளாது. உயிரைப் பறிக்க அந்தச் சொற்பம் போதும். ஆகவே உங்கள் வீட்டில் பாதி வெளிச்சமும் பக்கத்து வீட்டில் முழு வெளிச்சமும் கண்டால் 'லோ வோல்டேஜ்' என்று சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். எந்தெந்த வீடுகளில் எப்படி இருக்கிறது என்று பார்த்து, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் அதையே சொல்லுங்கள். ஆற்றுமணலிலோ தோப்பிலோ கம்பி கிடந்தால் எந்த முனையானாலும் அருகே போகாதீர்கள், மற்றவர்களையும் போகவிடாதீர்கள்.